இடது கைச் சுண்டுவிரல்

எனக்கு உக்காரத் தெரியாது. தையல்காரி இப்படிச் சொன்னா யாருக்கும் சிரிப்புதான் வரும், நாள் பூரா மெஷின் முன்னாடி உக்காந்துதானே பொழைக்கிறேன். ஆனா அது உக்காரறதுல சேராது. கால் மிதிச்சுக்கிட்டே இருக்கும், கை துணியைத் தள்ளிக்கிட்டே இருக்கும், வாய் வாசல்ல நிக்கிற ஆளுக்குப் பதில் சொல்லிக்கிட்டே இருக்கும். கையைக் காலைச் சும்மா வெச்சுக்கிட்டு ஒரு நாற்காலில இருன்னு சொன்னா எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும்.

என் மகளும் அப்படியே. ஏழு வயசு. வீட்டைச் சுத்திச் சுத்தி வருவா, வாய்க்குள்ள என்னமோ முனகிக்கிட்டே இருப்பா, அதனால வண்டுன்னு கூப்பிட ஆரம்பிச்சோம், அதுவே பேரா நிலைச்சுப்போச்சு. பள்ளிக்கூடத்துலேந்து ஆள் மேல ஆள் விட்டுக் கூப்பிடுவாங்க. பாடம் நடக்கும்போது எழுந்து போறா, ஜன்னல்ல ஏறுறா, ஒரு பக்கம் எழுதறதுக்குள்ள மூணு தடவை பென்சில் சீவுறா. எங்க வீட்டுக்காரர் லாரி ஓட்டறாரு, வாரத்துல பாதி நாள் ரோட்டுலதான். போன்ல புலம்பினா, "நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளை. நீ என்னிக்கு ஒரு இடத்துல உக்காந்த?"ன்னு கேட்டுட்டுச் சிரிப்பாரு. தூரத்துல இருக்கறவருக்குச் சிரிக்கிறது சுலபம்.

அப்படிப்பட்ட பொண்ணு ஒரு நாள் உக்காந்தா. அதை என் கண்ணால பாத்தேன்.

எங்க கடைக்கு அடுத்த தெருவுல ஒரு பியானோ கிளாஸ் இருக்கு. கீழ ஒரு மருந்துக்கடை, மாடில நீளமா ஒரு கூடம். அந்தக் கூடத்து ஜன்னல் திரையெல்லாம் நான்தான் தெச்சேன். மாட்டப் போனப்ப வண்டுவையும் கூட்டிட்டுப் போனேன். நான் ஏணில நின்னு கொக்கி மாட்டிக்கிட்டிருக்கேன், டீச்சர் ஏதோ வாசிச்சுக்கிட்டிருக்காங்க. என்னடா வண்டுவோட சத்தத்தையே காணோம்னு திரும்பிப் பாத்தா, என் பொண்ணு தரையில சம்மணம் போட்டு, வாயை மூடி, அந்தப் பியானோவுக்கு அடியில காலால மிதிக்கிற கட்டையையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. நான் எல்லாத் திரையும் மாட்டி முடிச்சு, ஏணியை மடிச்சு, "வாடி போலாம்"னு சொல்ற வரைக்கும் அசையல. எனக்கு அழுகையே வந்துடுச்சு. இவளால முடியும், இவளுக்கும் ஒரு இடம் இருக்குன்னு அன்னிக்குத்தான் நம்பினேன்.

டீச்சருக்கு என்னைவிட வயசு குறைவு, முப்பதுக்குள்ளதான் இருக்கும். அக்கான்னுதான் கூப்பிடுவாங்க. சேத்துக்குவீங்களான்னு கேட்டேன்.

"ஒரு இடம் இருக்கு அக்கா. ஆனா எங்க கிளாஸ்ல ஒரு வழக்கம். முதல்ல குழந்தை பியானோவைத் தொடாது. அம்மாவோ அப்பாவோதான் கத்துக்கணும். ஒரு சின்னப் பாட்டு, ரெண்டு கையாலயும், ஆரம்பத்துலேந்து முடிவு வரைக்கும் நிக்காம வாசிச்சுக் காட்டணும். அப்புறம்தான் குழந்தை."

"நான் எதுக்கு டீச்சர்? கத்துக்கப்போறது அவ."

"இங்க அவ எங்கூட இருக்கறது வாரத்துல கொஞ்ச நேரம். வீட்ல தினமும் பக்கத்துல உக்காரப்போறது நீங்கதானே?"

அந்த இடத்துக்கு இன்னும் ரெண்டு குடும்பம் காத்துக்கிட்டிருக்காம். மாசக் கடைசி சனிக்கிழமை எல்லா அப்பா அம்மாவும் வாசிச்சுக் காட்டணும். முடியலைன்னா இடம் அடுத்தவங்களுக்கு. எங்க வீட்டுக்காரரை அனுப்பலாம்னா லாரியோட ஸ்டியரிங்கை விட்டுட்டு வர முடியாது. சரி, ஊர் உலகத்துக்கே ரவிக்கை தெச்சுக் கொடுத்த கை, அஞ்சாறு கட்டையை அமுக்க முடியாதான்னு தலையாட்டிட்டு வந்தேன். வேலில போன ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டது அப்பத் தெரியல.

முதல் நாள் கூடத்துல என்னோட இன்னும் சில பேர். அதுல ஒருத்தர் பல் டாக்டர், தன் பையனுக்காக வந்திருந்தாரு. டீச்சர் பொறுமையாத்தான் சொல்லிக் கொடுத்தாங்க. கறுப்புக் கட்டை ரெண்டு சேந்து நிக்கும், அடுத்தது மூணு சேந்து நிக்கும், அப்படியே மாறி மாறி வரும். ரெண்டு சேந்து நிக்கிறதுக்கு இடது பக்கத்து வெள்ளைக் கட்டைதான் ஸிங்கிற சுரம். அதை வெச்சுத்தான் மத்ததைக் கண்டுபிடிக்கணும். விரலை நீட்டக்கூடாது, ஒரு எலுமிச்சம்பழத்தை உள்ளங்கையில வெச்சுக்கிட்ட மாதிரி வளைக்கணும். ரெண்டு கைலயும் கட்டைவிரல்தான் ஒண்ணு, சுண்டுவிரல் அஞ்சு.

நான் பையிலேந்து சாக்கட்டியை எடுத்து ஸி மேல ஒரு சின்னக் கோடு போட்டேன். குறி போடாம வெட்டுனா துணி வீண். டீச்சர் ஒரு துணியால அதைத் துடைச்சாங்க. பல் டாக்டர் தன் விரலைப் பாக்கற மாதிரி தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு.

அப்புறம் வாசிக்கச் சொன்னாங்க. வாசிச்சேன். எல்லாச் சத்தமும் ஒண்ணுமேல ஒண்ணு விழுந்து கொழகொழன்னு ஒரே கூச்சல்.

"அக்கா, காலை எடுங்க."

குனிஞ்சு பாத்தா என் வலது கால் அந்தப் பெடல் மேல ஏறி நல்லா மிதிச்சுக்கிட்டு நிக்குது. நான் வெக்கச் சொல்லவே இல்ல. அந்தப் பெடலை மிதிச்சா சத்தம் அடங்காம நீண்டுக்கிட்டே போகுமாம். காலை எடுத்து ஸ்டூலுக்கு அடியில இழுத்துக்கிட்டேன். இப்ப கை ஓடல. இத்தனை வருஷமா கால் மிதிச்சாத்தான் கை நகரும், கால் எடுத்தா கை நிக்கும். வெறும் கையை மட்டும் தனியா ஓட்டுன்னு சொன்னா அது யாரைக் கேட்டு ஓடும்?

"சித்திரமும் கைப்பழக்கம் அக்கா, வந்துடும்."

"பழக்கம்தான் டீச்சர் பிரச்சினையே"ன்னேன்.

கிளாஸ்லேந்து ஒரு சின்ன கீபோர்டு வீட்டுக்குக் கொடுத்து விட்டாங்க. அதைக் கடைல வெட்டுற மேஜையோட ஒரு ஓரத்துல வெச்சேன். பெடல் இல்லாத கீபோர்டு, அதனால கால் பாட்டுக்குத் தரையைத் தட்டிக்கிட்டிருக்கும். வண்டு பக்கத்துல முக்காலில உக்காந்திருப்பா. அவ தொடக்கூடாது, டீச்சர் கண்டிப்பாச் சொல்லிட்டாங்க. "எப்பம்மா?"ன்னு கேப்பா. "நான் முடிச்சதும்"னு சொல்வேன். "எப்ப முடிப்ப?" நான் திரும்ப வாசிக்க ஆரம்பிப்பேன்.

பாட்டு என்னமோ சின்னதுதான். அஞ்சு கட்டைக்குள்ளயே ஏறி இறங்கும், குழந்தைங்களைத் தூங்க வெக்கிற பாட்டு மாதிரி. வலது கை தனியா வந்துடுச்சு. இடது கையும் தனியா வந்துடுச்சு. ரெண்டையும் சேத்தா போச்சு. நடுவுல ஒரு இடம். அங்க ரெண்டு கையும் ஒரே பக்கமா மேல ஏறணும். வலதுல கட்டைவிரல் ஆரம்பிக்கிறப்ப இடதுல சுண்டுவிரல் ஆரம்பிக்கணும். என் இடது சுண்டுவிரல் பொறந்ததுலேந்து ஒரு வேலை செஞ்சதில்ல. துணி தள்ளுறப்பக்கூட மத்த நாலும் உழைக்கும், அது மட்டும் மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கும். ஒவ்வொரு தடவையும் அந்த இடத்துக்கு வந்தா, அதுக்கு முன்னாடி இடது கட்டைவிரல் விழுந்துடும். தப்பு.

தப்பு வந்ததும் எனக்குத் தலைக்கு ஏறிடும். "ச்சீ, கழுதை"ன்னு வலது கையால இடது புறங்கைல ஒரு அடி போடுவேன். போட்டுட்டு முதல்லேந்து ஆரம்பிப்பேன். கோணலாப் போன தையலைப் பிரிக்காம மேல தைக்க எனக்கு வராது. திரும்ப அதே இடம். ச்சீ, கழுதை. ஒரு அடி. திரும்ப முதல்லேந்து.

"தப்பு வந்தா வரட்டும் அக்கா, விட்டுட்டு மேல போங்க. நிக்காம இருந்தாப் போதும். நான் கேக்கறது அது ஒண்ணுதான்"னு டீச்சர் ஒவ்வொரு வாரமும் சொன்னாங்க.

"தப்பை விட்டுட்டுப் போறதா? என் கடைலேந்து அப்படி ஒரு துணி வெளிய போனதில்ல டீச்சர்."

"இது வெளிய போற துணி இல்லியே அக்கா. வாசிச்சதும் காத்தோட போயிடுது. எதைப் பிரிப்பீங்க?"

இன்னொன்னும் கண்டுபிடிச்சாங்க. "ஏன் அக்கா முதல் வரியை ரெண்டு தடவை வாசிக்கிறீங்க? கடைசி வரியையும் ரெண்டு தடவை?" எனக்கே தெரியாது. யோசிச்சுப் பாத்தப்பதான் புரிஞ்சுது. தையல் ஆரம்பிக்கிறப்ப கொஞ்சம் முன்னால ஓட்டி, பின்னால வந்து, திரும்ப முன்னால போகணும். முடிக்கிறப்பவும் அப்படியே. இல்லேன்னா நூல் பிரிஞ்சுடும். பாட்டையும் நான் பிரிஞ்சுடாம ரெண்டு முனையிலயும் கெட்டித் தையல் போட்டு வெச்சிருக்கேன். டீச்சர் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வீட்டுக்கு வர்ற வழியில எனக்குக் கோபம் வந்துடுச்சு, யார் மேலன்னு தெரியாம.

நாள் நெருங்க நெருங்க எனக்கு இருப்பே கொள்ளல. இங்க ஒரு பேன்ட்டுக்கு மடிப்பு அடிப்பேன், எழுந்து போய் கீபோர்டுல ரெண்டு வரி, திரும்ப வந்து பட்டன், திரும்ப கீபோர்டு. ஒரு அம்மாவோட ரவிக்கைக் கையை மாத்தித் தெச்சுட்டேன், இடது கையில வலதும் வலது கையில இடதுமா. பொழப்புல ஒரு நாளும் அப்படிச் செஞ்சதில்ல. கீபோர்டுல கட்டையெல்லாம் ரொம்ப ஒடுக்கம், அதான் வரலைன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்"னாரு. போனை வெச்சுட்டேன்.

வண்டு மட்டும் அசையாம உக்காந்திருந்தா. நான் வாசிக்கிறப்ப என் கையையே பாப்பா. நான் மெஷினுக்குப் போனதும் மேஜை ஓரத்துல விரலால தட்டிக்கிட்டிருப்பா, நான் நிமிந்தா கையை மடியில போட்டுக்குவா. நடுநடுவே பட்டுன்னு ஒரு சத்தம் கேக்கும். கொசு அடிக்கிறான்னு நினைச்சு ஒரு கொசுவத்தியைக் கொளுத்தி அவ காலடில வெச்சேன்.

சனிக்கிழமை வந்துது. கூடத்துல நான் தெச்ச திரைதான் ஆடிக்கிட்டிருக்கு. முன்னால நாங்க, பக்கத்துல குழந்தைங்க. பின்பெஞ்சுல காத்துக்கிட்டிருக்கிற ஒரு குடும்பம், ஒரு அம்மாவும் ஒரு சின்னப் பையனும். அந்த அம்மா என்னைப் பாத்து மரியாதையாச் சிரிச்சாங்க. நான் தோத்தா அவங்களுக்கு இடம். எப்படிச் சிரிக்கிறதுன்னு தெரியாம நானும் பல்லைக் காட்டினேன்.

பல் டாக்டர் முதல்ல வாசிச்சாரு. ரெண்டு மூணு தப்பு, ஆனா மனுஷன் சொத்தைப் பல்லைத் தாண்டிப் போற மாதிரி நிதானமாத் தாண்டிப் போயிட்டாரு. இன்னும் ரெண்டு பேர் வாசிச்சாங்க. என் முறை. செருப்பைக் கழட்டி, காலை ஸ்டூலுக்கு அடியில ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டேன். முதல் வரி, ஒரே தடவை. சரியா வந்துது. ரெண்டாவது வரி வந்துது. அந்த இடம் வர்றது எனக்கு முன்னாடியே தெரியுது. வண்டு மூச்சை இழுத்துப் பிடிக்கிறதும் தெரியுது. இடது கட்டைவிரல் விழுந்துது.

நான் நிறுத்தணும்னு நினைக்கல. சத்தியமா நினைக்கல. என் வலது கை தானா எழுந்து இடது கையைப் பட்டுன்னு அடிச்சுது. "ச்சீ, கழுதை." கூடம் பூரா கேட்டுது.

டீச்சர் பக்கத்துல வந்தாங்க. "தண்ணி குடிச்சுட்டு வாங்க அக்கா. கடைசில இன்னொரு தடவை வாசிங்க"ன்னாங்க. கருணைக்குச் சொல்றாங்கன்னு தெரிஞ்சுது. முகமெல்லாம் எரியுது. ஓரமாப் போய் நின்னேன், உக்கார முடியல.

அதுக்குள்ள டீச்சர் குழந்தைங்களை ஒவ்வொருத்தரா ஸ்டூல்ல உக்கார வெச்சு உயரம் பாத்துக்கிட்டிருந்தாங்க. "வண்டுவும் வரட்டும், சும்மா உயரம் பாத்து வெச்சுக்கலாம்"னு கூப்பிட்டாங்க. அவ ஓடிப்போய் ஏறி உக்காந்தா. டீச்சர் குனிஞ்சு ஸ்டூலோட திருகைத் திருப்பிக்கிட்டிருக்காங்க. அவ ரெண்டு கையையும் தூக்கி, ரெண்டு கறுப்புக் கட்டைக்கு இடது பக்கத்துல, தேடவே தேடாம வெச்சா.

வாசிச்சா. வாழ்நாள்ல ஒரு கட்டையைத் தொடாத பொண்ணு. மேஜை ஓரத்துல தட்டித் தட்டியே கத்துக்கிட்டிருக்கா. முதல் வரி, திரும்ப முதல் வரி, என் கெட்டித் தையல் அப்படியே. டீச்சர் தரையில குனிஞ்சவங்க அப்படியே நின்னுட்டாங்க. ரெண்டாவது வரி. அந்த இடம் வந்துது. அவ இடது சுண்டுவிரல் குட்டியூண்டு, அது அழகா வளைஞ்சு சரியான கட்டைல விழுந்துது. வலது கட்டைவிரலும் கூடவே விழுந்துது. ஒரு தப்பும் இல்ல. எனக்கு நெஞ்சு பூரிச்சுப் போச்சு.

அங்க அவ நிறுத்தினா. வலது கையைத் தூக்கி இடது புறங்கைல பட்டுன்னு ஒரு அடி அடிச்சா. "ச்சீ, கழுதை"ன்னு மெதுவா, பாட்டோட தாளத்துலயே சொன்னா. அப்புறம் முதல்லேந்து ஆரம்பிச்சா.

எல்லாரும் சிரிச்சாங்க. பல் டாக்டர் கண்ணைத் துடைச்சுக்கிட்டு சிரிச்சாரு. யாரும் கெட்ட எண்ணத்துல சிரிக்கல, நானும் அந்த இடத்துல இருந்தா சிரிச்சிருப்பேன். ஆனா எனக்குச் சிரிப்பு வரல. அவ முகத்துல குறும்பு இல்ல. மத்த கட்டையை எவ்வளவு கவனமா அமுக்கினாளோ அவ்வளவு கவனமா அந்த அடியையும் அடிச்சா. ஓடிப்போய் அவ கையைப் பிடிச்சேன். இடது புறங்கை செவசெவன்னு இருந்துது. ஒரு நாள் அடி இல்ல அது.

"ஏன் கண்ணு அடிச்ச? நீதான் சரியா வாசிச்சியே?"

அவ என்னைப் பாத்து முழிச்சா. "அந்த இடத்துல அடிக்கணும்லம்மா."

எனக்கு அங்கயே உக்காந்துடலாம் போல இருந்துது. உக்காந்துட்டேன், அவ பக்கத்துலயே, அந்த ஸ்டூலோட மிச்ச நுனில. கொசுவத்தி கொளுத்தினது ஞாபகம் வந்துது. இத்தனை நாளா அந்தப் பட்டுங்கிற சத்தத்தைக் கேட்டுக்கிட்டேதானே பட்டன் தெச்சேன்.

"டீச்சர், நான் வாசிக்கிறேன்"னேன். "இவ இங்கயே இருக்கட்டும்."

ஆரம்பிச்சேன். கால் எங்க இருந்துதுன்னு இப்பவும் எனக்குத் தெரியாது. வண்டு கட்டையைப் பாக்கல, என் வலது கையையே பாத்துக்கிட்டிருந்தா, எப்ப எழும்பும்னு. அந்த இடம் வந்துது. இடது கட்டைவிரல் விழுந்துது. தப்பு. நல்லா உரக்க, பின்பெஞ்சு வரைக்கும் கேக்கற தப்பு. என் வலது கை எழும்பத்தான் பாத்துது, பொய் சொல்லல. அதை அடுத்த கட்டைல வெச்சு அமுக்கினேன். அடுத்தது. அதுக்கு அடுத்தது. அந்தக் கோணல் அங்கயே கிடக்க, அதை விட்டுட்டு மேல போனேன். உடம்பெல்லாம் வேர்த்துப் போச்சு. இன்னும் ரெண்டு தப்பு வந்துது. கடைசிக் கட்டையை அமுக்கிட்டுக் கையை மடியில வெச்சேன், ஒரே தடவை, கெட்டித் தையல் இல்லாம.

டீச்சர் பின்பெஞ்சு அம்மாகிட்ட போய் ஏதோ சொன்னாங்க. அந்த அம்மா பையனோட கையைப் பிடிச்சுக்கிட்டு எழுந்தாங்க. போறப்ப வண்டுவோட தலையைத் தடவிட்டுப் போனாங்க. எனக்கு அவங்களைப் பாக்க முடியல.

"திங்கக்கிழமை வா வண்டு"ன்னாங்க டீச்சர்.

படி இறங்குறப்ப வண்டு கேட்டா, "ஏம்மா இன்னிக்கு அடிக்கல?"

"அது பாட்டுல இல்ல கண்ணு. அம்மாதான் தப்பாச் சேத்துட்டேன்."

அவ கொஞ்சம் யோசிச்சா. மருந்துக்கடையைத் தாண்டினதும் என் இடது கையை எடுத்து, புறங்கைல ஊதிவிட்டா. "அப்ப ஏன் சொல்லல? நான் வலிக்க வலிக்க அடிச்சேன்"னா.

சாயங்காலம் கடைல கீபோர்டை அவ பக்கம் திருப்பி வெச்சேன். வாசிச்சா. அந்த இடம் வந்ததும் வலது கை பாதி எழும்பி அந்தரத்துல நின்னுது. என்னைப் பாத்தா. நான் மெஷினை நிறுத்திட்டு, காலை எடுத்துட்டு, கையைக் கட்டிக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தேன். கொஞ்ச நேரம் ஆச்சு, கையைக் கீழ இறக்கி அடுத்த கட்டையை அமுக்கினா.